எடப்புளி நாடு ஏன் எந்த அட்டவணையிலும் இல்லை?

கொல்லிமலை ஊராட்சி ஒன்றியத்தில் மொத்தம் 14 ஊராட்சிகள். பெயர்களை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்: வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, ஆலத்தூர் நாடு, குண்டூர் நாடு, குண்டனி நாடு, சித்தூர் நாடு, திருப்புளி நாடு, எடப்புளி நாடு, பெரக்கரை நாடு, பைல் நாடு. பதினாலும் நாடு. கீழே சேந்தமங்கலத்துப் பக்கம் இறங்கினால் பட்டி, பாளையம், புதூர் என்று சாதாரணமாக ஆகிவிடும். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் மட்டும் ஒவ்வொரு ஊராட்சி மன்றப் பலகையிலும் ஒரு நாடு.

முதலில் எனக்கு இது பெயர் விஷயமாகத்தான் பட்டது. மாவட்டக் கையேடுகள், பழைய சட்டங்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பட்டியல்கள் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தபோது, இந்தப் பெயருக்குள் ஒரு அரசியல் கதையே இருப்பது தெரிந்தது. எடப்புளி நாட்டில் இன்றைக்கு யாருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்பதை, அந்த மலைக்கு நேரடியாகச் சம்பந்தமே இல்லாத மூன்று நான்கு பழைய முடிவுகள் தீர்மானித்திருக்கின்றன. அந்த முடிவுகளைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

நாடு என்ற சொல்லில் இருந்தே ஆரம்பிக்கலாம். சோழர் காலக் கல்வெட்டுகளில் நாடு என்பது இன்றைக்கு நாம் நினைக்கிற தேசம் இல்லை. பல ஊர்கள் சேர்ந்த ஒரு சின்ன வேளாண் வட்டாரம். அதன் சபை நாட்டார். வரி, தானம், நில விவகாரம் எல்லாவற்றிலும் நாட்டார் கையெழுத்து உண்டு. எ. சுப்பராயலு இந்த நாடுகளை ஒவ்வொன்றாக வரைபடத்தில் குறித்துக் காட்டினார். பர்ட்டன் ஸ்டெய்ன் அதை வைத்து, சோழ அரசே இப்படித் தனித்தனித் துண்டுகளின் கூட்டு என்று வாதாடினார். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை, நாம் அதற்குள் போக வேண்டாம். சமவெளியில் இந்த நாடுகள் நிர்வாக அலகாக மெல்ல மெல்ல மறைந்துவிட்டன. கொங்கு 24 நாடு, கள்ளர் நாடு என்று சாதி வழக்கிலும் கோயில் மரியாதையிலும் மட்டும் மிச்சம். கொல்லிமலையில் அது அரசாங்கக் கடிதத் தலைப்பிலேயே இருக்கிறது.

கொல்லிமலையின் பெரும்பான்மை மக்கள் மலையாளிப் பழங்குடிகள். (கேரளத்து மலையாளிக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர், மலையில் இருப்பவர் என்ற பொருள்தான். இந்தக் குழப்பம் எல்லா அலுவலகத்திலும் உண்டு.) தமிழ்தான் தாய்மொழி. பெயருக்குப் பின்னால் கவுண்டர் பட்டம். காஞ்சிபுரத்திலிருந்து சகோதரர்களாகக் கிளம்பி வந்து சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் பிரிந்து குடியேறினோம் என்று ஒரு வழிவழிக் கதை சொல்வார்கள். யார் அண்ணன், யார் தம்பி என்பது மலைக்கு மலை மாறும். அவரவர் மலைக்கு வந்தவர் பெரியவர் ஆகிவிடுவார், அது இயல்புதானே.

இந்த மக்களுடைய சமூக அமைப்பில் பல ஊர் சேர்ந்தது நாடு. நாட்டுக்குப் பட்டக்காரர், ஊருக்கு ஊர்க்கவுண்டர். கல்யாணம், தீர்த்துவிடுவது, ஓடிப்போன ஜோடி, எல்லைத் தகராறு, திருவிழா எல்லாம் அங்கே பேசி முடியும். அபராதம் போடுவார்கள், மீறினால் ஊரைவிட்டுத் தள்ளிவைப்பதும் உண்டு. சோழர் கால நாட்டாருக்கு இது நேரடி வாரிசு என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அப்படி ஒரு கோட்டை இழுக்க நடுவில் பல நூற்றாண்டுகள் இடிக்கின்றன. சமவெளி வேளாண் வழக்கத்தில் இருந்த சொல்லும் ஏற்பாடும் மக்களோடு சேர்ந்து மலை ஏறியிருக்கிறது, கீழே அழிந்தது மேலே பிழைத்தது என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

சரி, இனி கம்பெனி வருகிறது.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதிகளில் பாரமகாலும் சேலமும் உண்டு. அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரி வரி நிர்வாகத்துக்கு வந்தார். அவருக்கு உதவியாளராக வந்தவர் தாமஸ் மன்றோ. விவசாயியிடம் நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை உருவானது இந்த மண்ணில்தான். நடுவில் சில வருஷம் சேலத்தை மிட்டா மிட்டாவாக ஏலம் விட்டுப் பார்த்தார்கள், பல மிட்டாக்கள் கடனில் மூழ்கின. எந்த முறையாக இருந்தாலும் கம்பெனிக்கு வேண்டியது ஒன்றே: கணக்குப் புத்தகத்தில் ஏற்றக்கூடிய ஒரு கிராமம். 1816-ஆம் வருஷச் சட்டங்கள் கிராமத் தலைவருக்குச் சின்னச் சின்ன வழக்கு விசாரிக்கவும் காவல் பார்க்கவும் அதிகாரம் கொடுத்தன. நாட்டாருக்கு எதுவும் கொடுக்கவில்லை. அதாவது கம்பெனி ஊரைப் பார்த்தது, நாட்டைப் பார்க்கவில்லை.

ஆனால் கொல்லிமலையில் இதற்கு ஒரு சிக்கல். அங்கே ஊர் என்பது பத்து வீடு, முப்பது வீடு. ஒரு மேட்டில் ஒன்று, அடுத்த பள்ளத்தைத் தாண்டி இன்னொன்று. இத்தனையையும் தனித்தனி வருவாய்க் கிராமமாக எழுதினால் வசூலாகும் பணத்தைவிட எழுதும் காகிதச் செலவு அதிகம். விளைவு, பல ஊர் சேர்ந்த நாடு முழுவதும் காகிதத்தில் ஒரே கிராமம் ஆனது. எடப்புளி நாடு ஒரு வருவாய்க் கிராமம். பிற்பாடு ஊராட்சி வந்தபோது வருவாய்க் கிராமம் அப்படியே ஊராட்சியானது. பலகையில் நாடு என்ற பெயர் நின்றதற்குக் காரணம் இதுதான். மரியாதைக்காக யாரும் வைத்த பெயர் இல்லை. நாடு பிழைத்தது, ஆனால் கிராமமாகச் சுருங்கிப் பிழைத்தது. இந்த ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மலை மீது வெள்ளைக்காரர்களுக்கு ஏன் பெரிய அக்கறை இல்லை? சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம், ஏற்காடு, பங்களா, பள்ளிக்கூடம் என்று வந்தன. கொல்லிமலை காய்ச்சலுக்குப் பேர்போனது. கீழிருந்து போகிறவர்கள் படுத்துவிடுவார்கள். கொசு செய்த உபகாரம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம், தோட்டக்காரர்கள் பெரிதாக வரவில்லை. பட்டக்காரரும் ஊர்க்கவுண்டரும் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேலம் கலெக்டர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதே சமயத்தில் சென்னை மாகாணத்தின் வடக்குக் கோடியில் வேறொரு கதை. 1835-36-ல் கஞ்சம் மாவட்டத்துக் கும்சூரில் கலகம். அடக்கப் போன ஜார்ஜ் ரஸ்ஸல், சமவெளிச் சட்டத்தையும் கோர்ட்டையும் இந்த மலைகளில் நுழைத்தால் பிரச்சினை தீராது என்று எழுதினார். அதன் பலனாக 1839-ஆம் வருஷத்து 24-ஆவது சட்டம் வந்தது. கஞ்சம், விசாகப்பட்டினம் மாவட்டங்களின் மலைப்பகுதிகள் சாதாரணச் சட்டத்திலிருந்து விலக்கப்பட்டு, கலெக்டரே அங்கே ‘ஏஜென்ட்’ ஆனார். ‘ஏஜென்சி’ என்ற சொல் அங்கிருந்துதான். 1874-ல் இதையே நாடு முழுவதற்கும் பொதுவாக்கி ‘ஷெட்யூல்டு மாவட்டங்கள்’ சட்டம் போட்டார்கள். 1879-ல் கோதாவரிப் பக்கம் ரம்பா கலகம். 1917-ல் சென்னை அரசு, ஏஜென்சிப் பகுதியில் பழங்குடி நிலம் வெளியாருக்குக் கைமாறாமல் இருக்கவும், வட்டிக் கொடுமையைத் தடுக்கவும் ஒரு சட்டம் இயற்றியது. 1922-24-ல் அல்லூரி சீதாராம ராஜு.

கவனியுங்கள், ஒரே மாகாணம், ஒரே கோட்டை, ஒரே சட்டசபை. 1917-ஆம் வருஷச் சட்டம் ரம்பா மலைக்குப் பொருந்தும், கொல்லிமலைக்குப் பொருந்தாது. ஏன்? கொல்லிமலை தொந்தரவு கொடுக்கவில்லை.

1935-ஆம் வருஷத்து இந்திய அரசுச் சட்டத்தில் ‘விலக்கப்பட்ட பகுதி’, ‘ஓரளவு விலக்கப்பட்ட பகுதி’ என்று இரண்டு வகை. சென்னை மாகாணத்தில் முதல் வகையில் லட்சத்தீவுக் கூட்டம். இரண்டாவதில் கிழக்கு கோதாவரி ஏஜென்சியும், விசாகப்பட்டினம் ஏஜென்சியில் ஒரிசாவுக்குப் போனது போக மிச்சமும். தமிழ் பேசும் மலை ஒன்றுகூட இல்லை. கொல்லி இல்லை, கல்வராயன் இல்லை, சவ்வாது இல்லை, நீலகிரியும் இல்லை.

கலகம் இல்லாதது ஒரு காரணம் என்றால், இன்னொன்று அந்தக் காலத்து இனவியல். எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட பெரிய தொகுதியில் மலையாளிகளைப் பற்றி எழுதும்போது, இவர்கள் உண்மையான மலைச்சாதி அல்ல, சமவெளியிலிருந்து ஏறிவந்த தமிழர்கள் என்கிற மாதிரிதான் சித்திரம் வருகிறது. தமிழ் பேசுகிறார்கள், உழுகிறார்கள், கவுண்டர் என்கிறார்கள், கோயில் கும்பிடுகிறார்கள். ‘ஆதிகுடி’ என்று வெள்ளைக்கார அதிகாரி மனசில் வைத்திருந்த படத்துக்கு இது ஒத்துவரவில்லை. அவர்களே பெருமையாகச் சொன்ன காஞ்சிபுரத்துக் கதை, அவர்களுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. என் பார்வையில் இந்த வரலாற்றிலேயே கசப்பான பகுதி இதுதான். எங்கிருந்து வந்தோம் என்று ஒரு சமூகம் சொல்லிக்கொள்ளும் கதைக்கும், அந்தச் சமூகத்தின் நிலம் பறிபோகுமா என்ற கேள்விக்கும் என்ன சம்பந்தம்? வந்து எத்தனை நூற்றாண்டு ஆனால் என்ன, வட்டிக்காரனிடம் ஏமாறுவதில் பூர்வகுடி, வந்தகுடி வித்தியாசம் கிடையாது.

1950-ல் அரசியலமைப்பு. பழங்குடிப் பகுதிகளுக்கு ஐந்தாவது அட்டவணை. அரசியல் நிர்ணய சபையில் இதற்காக ஏ.வி. தக்கர் தலைமையில் துணைக்குழு இருந்தது, ஜெய்பால் சிங் முண்டா மாதிரி ஆட்கள் வலுவாகப் பேசினார்கள். ஆனால் எது பழங்குடிப் பகுதி என்று குறிக்கும்போது பெரும்பாலும் 1936-ஆம் வருஷத்துப் பட்டியலை ஒட்டியே குறித்தார்கள். வெள்ளைக்காரன் எந்த மலையைப் பார்த்துப் பயந்தானோ அந்த மலைக்குச் சுதந்திர இந்தியாவில் பாதுகாப்பு. பயப்படாத மலை, சாதாரண தாலுகா. 1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது ஏஜென்சிகள் அந்தப் பக்கம் போய்விட்டன. இன்றைக்கு ஐந்தாவது அட்டவணைப் பகுதி உள்ள மாநிலங்கள் பத்து. தமிழ்நாடு அதில் இல்லை.

ஆட்களை மட்டும் பட்டியலில் சேர்த்தார்கள். அதிலும் கூத்தைப் பாருங்கள். பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்திலேயே மாவட்டங்கள் குறிப்பிட்டிருக்கும்: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. கோயம்புத்தூர் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து 1979-ல் பிரிந்த ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையிலும் மலையாளிகள் இருக்கிறார்கள், பழங்குடிச் சான்றிதழ் கேட்டுப் பல வருஷமாகப் போராடுகிறார்கள். கலெக்டர் கச்சேரி எங்கே இருந்தது என்பதை வைத்து ஒருவர் பழங்குடியா இல்லையா என்று முடிவாகிறது.

ஆப்பிரிக்காவோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். வடக்கு நைஜீரியாவில் லுகார்டு செய்தது மறைமுக ஆட்சி: உள்ளூர்த் தலைவரையே அரசின் கையாக்கி, வரி, நீதி, காவல் எல்லாவற்றையும் அவர் பேரில் நடத்துவது. தலைவரே இல்லாத இக்போ பகுதியில் ஆணைக் காகிதம் கொடுத்துத் தலைவர்களை உண்டாக்கினார்கள். 1929-ல் பெண்கள் திரண்டு எழுந்த கிளர்ச்சியில் அந்தத் தலைவர்கள்தான் முதல் இலக்கு. மஹ்மூத் மம்தானி 1996-ல் எழுதிய நூலில், சுதந்திரத்துக்குப் பிறகும் ஆப்பிரிக்க அரசியலை விடாமல் துரத்துவது இந்த ஏற்பாடுதான் என்று விளக்குகிறார். கானாவிலும் போட்ஸ்வானாவிலும் தலைவர்களுக்கு இன்றும் அரசியலமைப்பில் தனி அவை உண்டு. கொல்லிமலைப் பட்டக்காரருக்கு இது எதுவும் நடக்கவில்லை. அவரைக் கையாளாகவும் ஆக்கவில்லை, ஒழிக்கவும் இல்லை. பக்கத்துக் கல்வராயன் மலையில் ஜாகீர்தார்கள் 1970கள் வரை நிலத்துக்கே சொந்தக்காரர்களாக இருந்து வரி வாங்கினார்கள். கொல்லியில் அந்த அளவுக்கு யாரும் வளரவில்லை. சட்டத்தின் கண்ணில் பட்டக்காரர் என்று ஒருவர் இல்லவே இல்லை. இதனால் அவர் கொடுங்கோலராக ஆகவில்லை என்பது நல்ல பக்கம். அவர் சபை எடுக்கும் முடிவுக்கு அரசு முன்னால் காலணா மதிப்பில்லை என்பது மறுபக்கம்.

செம்மேடு பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெரியவரிடம் நாட்டுக்கும் ஊராட்சிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். “நாடுங்கிறது நாங்க. ஊராட்சிங்கிறது ஆபீசு” என்றார். ஆராய்ச்சிக் கட்டுரை இருபது பக்கத்தில் சொல்வதை நான்கு வார்த்தையில் முடித்துவிட்டார்.

அந்த ‘ஆபீசு’ எப்படி நடந்தது என்றும் பார்க்க வேண்டும். 1958-ஆம் வருஷத்துச் சென்னை ஊராட்சிகள் சட்டம் ஊராட்சியையும் ஒன்றியத்தையும் கொண்டுவந்தது. ஊராட்சித் தேர்தல் 1970-ல் நடந்தது, அடுத்தது 1986, அதற்கு அடுத்தது 1996. நடுவில் தனி அலுவலர் ஆட்சி. 73-ஆவது திருத்தமும் 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் வந்த பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கட்டாயம் என்றார்கள். 2016-ல் தேர்தல் நின்றது, மறுபடி தனி அலுவலர், மூன்று வருஷத்துக்கு மேல். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்து வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. திரும்பவும் தனி அலுவலர். தேர்தல் வைத்து வரும் அமைப்பு அடிக்கடி இல்லாமல் போகிறது. தேர்தலே இல்லாத நாட்டுக் கூட்டம் ஒருநாளும் கலைந்ததில்லை.

இதை வைத்து நாட்டுக் கூட்டத்தைத் தலையில் தூக்கிக் கொண்டாட நான் தயாரில்லை. அங்கே உட்கார்ந்து பேசுகிறவர்கள் ஆண்கள். பட்டக்காரர் பதவி பரம்பரை. கல்யாண முறிவு விஷயத்தில் பெண்ணின் தலைவிதியைப் பேசுகிற இடத்தில் பெண்ணுக்குக் குரல் குறைவு. ஊராட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் திருத்தியது தமிழ்நாடு. அப்படி ஒரு வாசல் நாட்டுச் சபையில் கிடையாது. எடப்புளியில் ஒரு பெண் தலைவராக உட்கார வேண்டும் என்றால் ஆபீசு வழியாகத்தான் முடியும்.

ஆனால் ஐந்தாவது அட்டவணை இல்லாததால் வந்த நஷ்டம் கையில் எண்ணிப் பார்க்கக்கூடியது. ஆந்திரத்தில் 1917-ஆம் வருஷச் சட்டத்தின் வாரிசாக 1959-ஆம் வருஷ ஒழுங்குமுறை, 1970-ல் கடுமையான திருத்தம். அட்டவணைப் பகுதியில் பழங்குடி நிலத்தை வெளியார் வாங்க முடியாது. இங்கே வருவாய் வாரியத்தின் பழைய நிலையாணைகளும் ஒப்படைப் பட்டாவின் நிபந்தனைகளும்தான் தடுப்பு. மிளகும் காப்பியும் அன்னாசியும் மரவள்ளியும் விளைகிற, இப்போது விடுதிகளும் முளைக்கிற மலையில் அது எவ்வளவு தாங்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 1996-ல் வந்த ‘பெசா’ சட்டம் கிராம சபைக்கு நிலம், சிறுவன விளைபொருள், கனிமம், வழக்காற்று முறையில் தகராறு தீர்ப்பது என்று அதிகாரங்கள் கொடுத்தது. அட்டவணைப் பகுதிக்கு மட்டும். 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் எல்லா மாநிலத்துக்கும் பொது என்றாலும், நீதிமன்றத் தடையால் தமிழ்நாட்டில் 2016 வரை பட்டா கொடுப்பதே முடங்கிக் கிடந்தது.

பதிலுக்குக் கிடைத்தவை: 1970களில் ஒருங்கிணைந்த பழங்குடி வளர்ச்சித் திட்டம், கூட்டுறவுச் சங்கம், உறைவிடப் பள்ளிகள், சாலை. பணம் வந்தது, அதிகாரம் வரவில்லை. சட்டமன்றத்தில் சேந்தமங்கலம் பழங்குடித் தனித்தொகுதி. 2008 தொகுதி மறுவரையறைக்கு முன் ஏற்காடு, சேந்தமங்கலம், உப்பிலியபுரம் என்று மூன்று இருந்தன. இப்போது 234-ல் முதல் இரண்டுதான். மாநிலத்துக்குப் பழங்குடி ஆலோசனைக் குழு ஒன்று உண்டு, பெயரிலேயே இருக்கிறது ஆலோசனை என்று.

இனிமேல் சேர்க்கவே முடியாதா என்றால், முடியும். ஐந்தாவது அட்டவணையின் ஆறாவது பத்தியில் குடியரசுத் தலைவர் ஆணை மூலம் பகுதியை அறிவிக்க வழி உண்டு; இமாசலப் பிரதேசத்துக்கு 1975-ல் அப்படி ஆணை வந்தது. தேபர் ஆணையம் சொன்ன அளவுகோல்கள் பழங்குடியினர் பெரும்பான்மை, நிலத்தொடர்ச்சி, நிர்வாகத்துக்கு ஏற்ற அளவு, பின்தங்கிய நிலை. பழங்குடியினரே பெரும்பான்மையாக வாழும், தனி ஒன்றியமாகவும் தனி வட்டமாகவும் இருக்கிற கொல்லிமலைக்கு இவற்றில் எது பொருந்தாது என்று எனக்கு விளங்கவில்லை.

அப்படி ஒருநாள் அறிவிப்பு வந்தால் முதலில் எழப்போகும் கேள்வி வேறு. பெசா சட்டப்படி ‘கிராமம்’ என்பது வருவாய்க் கிராமம் அல்ல. வழக்கப்படி தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் ஒரு குடியிருப்பு, அல்லது குடியிருப்புகளின் கூட்டம், அதுதான் கிராமம். ஊர்க்கவுண்டர் இருக்கிற ஒவ்வொரு ஊரும் அந்த விளக்கத்துக்குள் வரும். பட்டக்காரர் இருக்கிற நாடும் வரும். கம்பெனிக் கணக்குப்பிள்ளை சௌகரியத்துக்காக ஒன்றாக முடிச்சுப்போட்ட எடப்புளி நாட்டில் கிராம சபை ஒன்றா, அல்லது ஊருக்கு ஒன்றா என்பதை அப்போது அந்த ஊர்க்காரர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டியிருக்கும்.